படத்தில் இல்லாத விண்வெளி வீரர்

1961 மே மாதம். யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கு. கருங்கடல் கரையில் இருக்கிற சோச்சி நகரில் சோவியத் விண்வெளி வீரர்கள் ஓய்வெடுக்கிறார்கள். அங்கே எடுத்த ஒரு குழுப்படம் பிறகு சோவியத் வெளியீடுகளில் வருகிறது. ஒரு வெளியீட்டில் வந்த படத்தில் பின்வரிசையில் ஓர் இளைஞர் நிற்கிறார். இன்னொன்றில் அதே படம், அதே ஆட்கள், அதே சிரிப்பு. அந்த இளைஞரை மட்டும் காணவில்லை. அவர் நின்ற இடத்தைப் பின்னணியோடு பின்னணியாகத் தீட்டி மறைத்திருந்தார்கள்.

அவருடைய பெயர் கிரிகோரி நெல்யூபோவ். 1960இல் தெரிவான முதல் 20 பேரில் ஒருவர். ககாரினுக்கு ஏதும் நடந்தால் டிட்டோவ், டிட்டோவுக்கும் ஏதும் நடந்தால் நெல்யூபோவ் என்று இருந்தவர். 1963இல் குடித்துவிட்டு இராணுவ ரோந்துக்காரரோடு தகராறுப்பட்டார், மன்னிப்புக் கேட்கவும் மறுத்தார். குழுவிலிருந்து விலக்கினார்கள். 1966இல் ரயில் மோதி இறந்துபோனார். அதோடு படத்திலிருந்தும் போனார்.

இது எப்படிப் பிடிபட்டது? இரண்டு வெளியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான். அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஓபர்க் 1981இல் வெளியிட்ட ‘ரெட் ஸ்டார் இன் ஓர்பிட்’ நூலில் இந்த அழிப்பு வேலையைப் பற்றி எழுதினார். சோவியத் பக்கம் இருந்து உண்மை வெளியே வர 1986 ஆயிற்று. அந்த ஆண்டில்தான் யாரோஸ்லாவ் கொலொவானொவ் என்ற பத்திரிகையாளர் ‘இஸ்வெஸ்தியா’ நாளிதழில் முதல் குழுவின் மறைக்கப்பட்ட ஆட்களைப் பற்றி எழுதினார்.

சரி, வன்னியில் இருக்கிற எங்களுக்கு இது எதுக்கு?

முதல் காரணம், இந்தக் கதை எங்கட தீவுக்கும் வந்து போனது. ககாரின் 1961 டிசெம்பரில் இந்தியாவுக்குப் போய்விட்டு இலங்கைக்கு வந்தார். பேராதனைப் பூங்காவில் அவர் நட்ட மரம் இருக்கு, கண்டிக்குப் போகிறவர்கள் தேடிப் பார்க்கலாம். அதுக்குப் பிறகு புத்தகங்கள் வந்தன. மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் தமிழிலேயே அச்சடித்து மலிவு விலையில் அனுப்பின. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றவர்கள் மொழிபெயர்த்தார்கள். ‘சோவியத் நாடு’ இதழும் வந்தது. ஆசிரியர்மார், இடதுசாரி அண்ணைமார் வீட்டு அலுமாரிகளில் இவை இருந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததோடு அந்த வரத்து நின்றது.

அந்தக் காலத்து விண்வெளி வெளியீடுகளை இப்ப வாசித்தால் ஒன்று விளங்கும். அவை சொல்லுகிற அளவுக்கு மறைக்கவும் செய்கின்றன. ரொக்கெட்டுகளை உருவாக்கிய செர்கேய் கொரலியோவை அவர் உயிரோடு இருந்த வரைக்கும் ‘தலைமை வடிவமைப்பாளர்’ என்று மட்டும்தான் எழுதினார்கள். 1966 ஜனவரியில் அவர் செத்த பிறகுதான் உலகத்துக்குப் பெயர் தெரிந்தது. ககாரின் தன் விண்கலத்துக்குள் இருந்தபடி தரையிறங்கவில்லை. ஏறத்தாழ 7 கிலோமீற்றர் உயரத்தில் வெளியே பாய்ந்து பரசூட்டில் தனியாக வந்திறங்கினார். விமானி கலத்தோடு இறங்கினால்தான் உலக சாதனை என்ற விதி இருந்தபடியால் அதைப் பல ஆண்டுகள் மறைத்தார்கள்.

சில மறைப்புகள் இதைவிட மோசம். வலன்டின் பொன்டரென்கோவுக்கு 24 வயது. ஒட்சிசன் நிறைந்த பயிற்சி அறையில் தீப்பிடித்து 1961 மார்ச் 23 அன்று இறந்தார். ககாரின் பறந்தது ஏப்ரல் 12. இடையில் 20 நாள். அந்தச் சாவை 25 ஆண்டுகள் வெளியில் சொல்லவில்லை. 1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவின் அப்பலோ 1 கலத்துக்குள், அதேபோல ஒட்சிசன் நிறைந்த இடத்தில், தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். முதல் சாவு வெளியே தெரிந்திருந்தால் இரண்டாவது தடுக்கப்பட்டிருக்குமா என்ற கேள்வி இன்றும் இருக்கு.

அமெரிக்கப் புத்தகங்கள் மட்டும் சுத்தம் என்று நினைக்கக்கூடாது. 1970இல் ‘ஃபர்ஸ்ட் ஒன் த மூன்’ என்ற பெரிய நினைவு நூல் வந்தது. ஆம்ஸ்ட்ரோங், கொலின்ஸ், ஓல்ட்ரின் மூவரின் பெயரிலும் வந்த அந்தப் புத்தகத்துக்கு நிறைவுரை எழுதியவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். கொழும்புப் பழைய புத்தகக் கடைகளில் கண்டால் விடாதீர்கள். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க விண்வெளிக் கதைகளில் கதரின் ஜோன்சன் போன்ற கறுப்பினப் பெண்களைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். 1962இல் ஜோன் கிளென் பூமியைச் சுற்றப் போகுமுன் கணினி போட்ட கணக்கைக் கையால் சரிபார்த்துக் கொடுத்தவர் அவர். அவருடைய பெயர் சாதாரண வாசகர்களிடம் பரவியது 2016இல் ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ நூல் வந்த பிறகுதான்.

நிலவிலேயே ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கு. 1971 ஓகஸ்ட்டில் அப்பலோ 15 வீரர்கள் 14 பெயர்கள் பொறித்த தகடு ஒன்றையும், விழுந்து கிடக்கிற மனிதனைப் போன்ற ஒரு சின்ன உலோக உருவத்தையும் அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். இறந்துபோன விண்வெளி வீரர்களில் 8 அமெரிக்கர், 6 சோவியத் ஆட்கள். பனிப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இரண்டு பக்கத்துப் பெயர்களையும் அகரவரிசையில் ஒன்றாகப் போட்டது பெரிய விசயம். ஆனாலும் பொன்டரென்கோ அதில் இல்லை. நெல்யூபோவ் இல்லை. இரண்டு பேரும் செத்ததே வெளியில் தெரியாது, பிறகு எப்படிப் பெயர் வரும்? விண்வெளிப் பணிக்குத் தெரிவான முதல் கறுப்பின அமெரிக்கர் ரொபேட் லோரன்ஸ் 1967இல் விமான விபத்தில் இறந்தவர். அவருடைய பெயரும் அதில் இல்லை.

இரண்டாவது காரணத்துக்கு இப்ப வரலாம். பெயர்ப்பட்டியல் என்றால் என்ன, படம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கட பெற்றோர் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தபோது பலரிடம் அல்பமும் இல்லை, புத்தகமும் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் அம்மாமார் கையில் பிடித்திருந்தது பிள்ளைகளின் படங்களைத்தான். ஓர் ஆள் இருந்தார் என்பதுக்கு ஒரு படம் சாட்சி. அந்தப் படத்தின் இரண்டாவது பிரதி எங்கேயாவது இருந்தால்தான் அந்தச் சாட்சியை அழிக்க முடியாது. நெல்யூபோவுக்கு நடந்ததும் இதுதான்: அழித்த பிரதி ஒன்று இருந்தது, அழிக்காத பிரதியும் எங்கேயோ ஒரு தட்டில் தப்பியிருந்தது.

எங்கட வயதுக்காரருக்குச் சின்ன வயதில் வானம் என்றால் கிபிரும் வண்டும்தான். மேலே பார்த்தால் பதுங்குகுழிக்குள் ஓடவேண்டும். அதே வானத்தைப் பற்றி ஆசையோடு எழுதின புத்தகங்களைச் சேர்ப்பது எனக்கு ஒருவகை உரிமைக்கோரல் மாதிரித் தெரியுது. ஆனால் ஆசைக்காக மட்டும் சேர்த்தால் போதாது. பொய் சொல்லுகிற புத்தகத்தையும் சேர்க்கவேண்டும். 1961இல் வந்ததையும் 1991க்குப் பிறகு வந்ததையும் பக்கத்தில் வைத்தால்தான் எது எப்ப மறைக்கப்பட்டது என்று தெரியும்.

செய்யக்கூடிய வேலை பெரிசில்லை. வீட்டில், பழைய ஆசிரியர் வீட்டில், ஊர் வாசிகசாலையில் விண்வெளி பற்றிய பழைய புத்தகமோ ‘சோவியத் நாடு’ இதழோ கிடந்தால் பழைய பேப்பருக்குப் போடவிடாதீர்கள். முதலில் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள்: ஆண்டு, மொழிபெயர்ப்பாளர், அச்சான இடம். மொஸ்கோப் புத்தகங்கள் சிலவற்றின் கடைசியில் வாசகர் கருத்தைக் கேட்டு சூபோவ்ஸ்கி புல்வார் முகவரி போட்டிருப்பார்கள், அதையும் விடவேண்டாம். அட்டை, பதிப்புப் பக்கம், குழுப்படங்கள் மூன்றையும் போனில் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். உள்ளே யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் எடுங்கள். அந்தப் புத்தகம் எங்கட ஊரில் யார் கையில் இருந்தது என்பதும் வரலாறுதான். இலங்கையில் அச்சான மலர், பத்திரிகை, துண்டுப்பிரசுரம் என்றால், 2005 முதல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் பாதுகாத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

ஒரே படம் இரண்டு புத்தகத்தில் கிடைத்தால் தலைகளை எண்ணிப் பாருங்கள்.