பூனை வென்ற பந்தயம்

2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனின் 'ஒப்சேர்வர்' பத்திரிகை ஒரு விளையாட்டுப் போட்டி வைத்தது. மொத்தம் மூன்று அணிகள். முதலாவது, பங்குச்சந்தையிலேயே காலம் கழித்த மூன்று முதலீட்டு நிபுணர்கள். இரண்டாவது, ஹொடெஸ்டன் என்ற ஊரில் இருக்கும் ஒரு பாடசாலையின் மாணவர்கள். மூன்றாவது, ஓர்லாண்டோ என்ற பெயருடைய ஒரு பூனை.

ஒவ்வொரு அணியின் கையிலும் கற்பனையாக 5,000 பவுண். அதைக்கொண்டு ஐந்து கம்பனிகளின் பங்குகளை வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருக்கா, விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். நிபுணர்கள் தங்கள் அனுபவத்தை வைத்துத் தெரிவு செய்தார்கள். பூனை என்ன செய்தது? கம்பனிகளுக்கு இலக்கம் போட்ட கட்டங்களின் மேல் தன்னுடைய விளையாட்டு எலியைத் தூக்கிப் போட்டது. எலி விழுந்த கட்டத்துக்குரிய பங்கு வாங்கப்பட்டது. அவ்வளவுதான்.

செப்டெம்பர் முடிவில் நிபுணர்கள் 497 பவுண் இலாபத்தோடு முன்னுக்கு நின்றார்கள். பூனையின் இலாபம் 292. ஆனால் வருட முடிவில் பூனையிடம் 5,542 பவுண், நிபுணர்களிடம் 5,176 பவுண். மாணவர்கள் 4,840இல் நின்றார்கள், அதாவது போட்ட முதலிலும் குறைவு.

இந்தக் கதையை முதல் வாசித்தபோது நாங்கள் நல்லாய்ச் சிரித்தோம். பிறகுதான் யோசித்தோம்: ஒரு பூனை ஒரு வருடம் வென்றதால் என்ன நிரூபணமாகிறது? உண்மையில் ஒன்றுமில்லை. மூன்று பேர் ஓடினால் யாரோ ஒருவர் முதலாவதாக வரத்தானே வேணும். ஆனால் இந்தப் போட்டி எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால், அதற்குப் பின்னால் எண்பது வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு பங்குச்சந்தையைப் பற்றியது மட்டுமல்ல. 'எனக்குத் தெரியும்' என்று ஒருவர் சொல்லும்போது அதை எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றியது.

ஒரு நோயாளி போட்ட கணக்கு

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தில் அல்பிரட் கவுல்ஸ் என்று ஒருவர் இருந்தார். சிக்காகோவின் பெரிய பத்திரிகைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். காசநோய் வந்ததால் மலைக்காற்றுக்காக அங்கே போய்த் தங்கினார். குடும்பத்தின் முதலீடுகளைக் கவனிப்பதற்காக, சந்தை ஆலோசனை விற்கும் நிறுவனங்களின் வெளியீடுகளைக் காசு கட்டி வரவழைத்து வாசித்தார். 1929இல் நியூயோர்க் பங்குச்சந்தை விழுந்து நொறுங்கியது. கவுல்ஸுக்கு ஒரு கேள்வி வந்தது: இவ்வளவு காசு கட்டி வாசித்தோமே, இவர்களுக்கு உண்மையாகவே ஏதாவது தெரியுமா?

வேறு ஆளாக இருந்தால் திட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். கவுல்ஸ் கணக்குப் போட்டார். 1928 ஜனவரி தொடக்கம் 1932 ஜூலை வரையான நாலரை வருடத்தில், 16 ஆலோசனை நிறுவனங்கள் கொடுத்த ஏறத்தாழ 7,500 பங்குப் பரிந்துரைகளை எடுத்தார். அவர்கள் சொன்னபடியே ஒருவர் வாங்கி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தார். சந்தையின் பொதுச் சராசரியை விட வருடத்துக்கு 1.43 சதவீதம் குறைவாகவே கிடைத்திருக்கும். சந்தை ஏறுமா இறங்குமா என்று ஆரூடம் சொன்ன 24 வெளியீடுகளின் நிலைமை இன்னும் மோசம், சராசரியை விட வருடத்துக்கு 4 சதவீதம் குறைவு.

கவுல்ஸ் செய்த இன்னொரு வேலைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. அந்த 24 பேரிலும் சிலர் நன்றாகச் செய்திருந்தார்கள். 'அப்ப அவர்கள் கெட்டிக்காரர்தானே?' என்று கேட்கத் தோன்றும். அதற்காக அவர் சீட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சீட்டுகளை வைத்து 24 கற்பனை ஆரூடக்காரர்களை உருவாக்கினார். உண்மையான ஆட்களில் மிகச் சிறந்தவர்களின் பெறுபேறு, வெறும் அதிர்ஷ்டத்தில் வரக்கூடியதை விடப் பெரிதாக ஒன்றும் நன்றாக இல்லை. ஆனால் மிக மோசமானவர்களோ, அதிர்ஷ்டக்கேடு என்று சொல்லித் தப்ப முடியாத அளவுக்கு மோசமாக இருந்தார்கள்.

1933இல் 'ஈகொனொமெட்ரிகா' ஆய்விதழில் இது வெளிவந்தது. சந்தை ஆரூடக்காரர்களால் ஆரூடம் சொல்ல முடியுமா என்பதே கட்டுரையின் தலைப்பு. அதன் சுருக்கமான முடிவு: சந்தேகம்தான்.

அந்தக் கட்டுரையில் வரும் ஒருவரை மறக்காமல் வைத்திருங்கள். வில்லியம் பீட்டர் ஹமில்டன், 'வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்' பத்திரிகையின் ஆசிரியர். 1904 தொடக்கம் 1929 வரை அவர் எழுதிய ஆசிரியர் தலையங்கங்களிலிருந்து, சந்தை திசைமாறும் என்று சொன்ன 90 ஆரூடங்களைக் கவுல்ஸ் பிரித்தெடுத்தார். 45 சரி, 45 பிழை. நாணயத்தைச் சுண்டிப்போட்டாலும் இதுதான் வரும்.

எறியீட்டியும் நிபுணரும்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பேர்ட்டன் மல்கியேல் 1973இல் எழுதிய ஒரு புத்தகத்தில், கண்ணைக் கட்டிய குரங்கு ஒன்று பத்திரிகையின் பங்குவிலைப் பக்கத்தில் எறியீட்டி எறிந்து தெரிவு செய்தாலும் நிபுணர்களுக்குச் சமமாகவே செய்யும் என்று சொன்னார். பகிடியாகச் சொன்னாலும், அதன் உள்ளே ஒரு வாதம் இருந்தது. ஒரு கம்பனியைப் பற்றித் தெரிந்த நல்லது கெட்டது எல்லாம் ஏற்கெனவே அதன் பங்குவிலையில் சேர்ந்திருக்கும். இனி விலையை மாற்றப்போவது யாருக்கும் இன்னும் தெரியாத செய்தி. யாருக்கும் தெரியாததை நிபுணர் மட்டும் எப்படி அறிவார்?

1988இல் அந்தக் குரங்கை ஒரு பத்திரிகை உண்மையாகவே சோதித்துப் பார்த்தது. எந்தப் பத்திரிகை என்கிறீர்கள்? ஹமில்டன் ஆசிரியராக இருந்த அதே 'வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்'. குரங்குக்குப் பதிலாகப் பத்திரிகை ஊழியர்கள் எறிந்தார்கள். நான்கு நிபுணர்கள் ஆளுக்கொரு பங்கைத் தெரிவு செய்வார்கள், எதிர்ப்பக்கத்தில் நான்கு எறியீட்டிகள் விழுந்த நான்கு பங்குகள். முதலில் ஒரு மாதப் போட்டியாக இருந்தது, 1990இலிருந்து ஆறு மாதமாகியது. 2002 வரை நடந்தது.

1998இல் நூறு போட்டிகள் முடிந்தபோது பத்திரிகை கணக்கை வெளியிட்டது. 100இல் 61 தடவை நிபுணர்கள் எறியீட்டியை வென்றிருந்தார்கள். சராசரியாக ஆறு மாதத்தில் அவர்களின் தெரிவுகள் 10.8 சதவீதம் ஏறியிருந்தன. எறியீட்டியின் தெரிவுகள் 4.5 சதவீதம். சந்தையின் பெரிய கம்பனிகளைக் கொண்டு கணிக்கப்படும் டவ் ஜோன்ஸ் சுட்டெண் 6.8 சதவீதம்.

அப்ப நிபுணர்கள் வென்றுவிட்டார்கள்தானே? இந்த இடத்தில் நாங்களும் ஒருக்கா நின்று யோசித்தோம். ஏனென்றால், 'நிபுணர்கள் எல்லாம் சும்மா' என்று எழுதத்தான் நாங்கள் தொடங்கினோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கைக் கையில் எடுத்த ஆய்வாளர்கள் மூன்று விஷயங்களைக் காட்டினார்கள்.

முதலாவது, நிபுணர்கள் எடுத்தவை ஏற்ற இறக்கம் கூடிய பங்குகள். ஆறு மாதப் போட்டியில் வெல்ல வேண்டுமென்றால் யாரும் நிதானமான பங்கை எடுக்கமாட்டார்கள்தானே. சந்தை பொதுவாக ஏறுகிற காலத்தில் அப்படிப்பட்ட பங்குகள் இன்னும் வேகமாக ஏறும், இறங்குகிற காலத்தில் இன்னும் வேகமாக விழும்.

இரண்டாவது, பத்திரிகை கணக்கெடுத்தது விலை மாற்றத்தை மட்டும். கம்பனி தருகிற பங்கிலாபம் சேர்க்கப்படவில்லை. நிதானமான கம்பனிகளிடமிருந்துதான் பங்கிலாபம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், எறியீட்டிக்கும் சுட்டெண்ணுக்கும் இது நட்டம்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. நிபுணரின் தெரிவு பத்திரிகையில் வந்தவுடன் வாசகர்கள் ஓடிப்போய் அதையே வாங்கினார்கள். 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பிரசுரமாகி இரண்டே நாளில் அந்தப் பங்குகள் வழமையை விட ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாக ஏறின. அடுத்த சில கிழமைகளில் அந்த ஏற்றத்தின் ஒரு பகுதி திரும்ப இறங்கியது. அதாவது, ஆரூடம் தன்னைத்தானே கொஞ்ச நாளைக்கு உண்மையாக்கிக்கொண்டது. முந்தியே வைத்திருந்தவருக்கு அது இலாபம். பத்திரிகையைப் பார்த்து வாங்கினவருக்கு?

சுட்டெண்ணோடு ஒப்பிட்டால், 100இல் 51 தடவைதான் நிபுணர்கள் மேலே. ஹமில்டனின் பாதிக்குப் பாதியிலிருந்து எழுபது வருடத்தில் பெரிய தூரம் ஒன்றும் போகவில்லை.

பத்து வருடப் பந்தயம்

இதற்குள் இன்னொரு யோசனையும் வளர்ந்திருந்தது. சரியான பங்கைத் தெரிவு செய்வது இவ்வளவு கஷ்டம் என்றால், தெரிவே செய்யாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்தால் என்ன? 1976இல் ஜோன் போகல் என்பவர் 'வான்கார்ட்' நிறுவனத்தில் சாதாரண மக்களுக்காக அப்படி ஒரு சுட்டெண் நிதியத்தைத் தொடங்கினார். 15 கோடி டொலர் சேரும் என்று எதிர்பார்த்தார்கள். சேர்ந்தது 1 கோடி 13 இலட்சம். வோல் ஸ்ட்ரீட் சிரித்தது.

முப்பது வருடம் கழித்து வொரன் பஃபெட் அந்த நிதியத்தின் பக்கம் நின்று பகிரங்கமாகப் பந்தயம் கூப்பிட்டார். அவரே உலகத்தின் மிகப் பிரபலமான பங்குத் தெரிவாளர் என்பதை மறக்க வேண்டாம். பத்து வருடம், 2008 ஜனவரி தொடக்கம் 2017 டிசெம்பர் வரை. ஒரு பக்கம் வெறும் சுட்டெண் நிதியம். மறுபக்கம் நிபுணர்கள் தெரிவு செய்யும் ஹெட்ஜ் நிதியங்கள். இத்தனை பெரிய துறையில் முன்வந்தது டெட் சைடிஸ் என்ற ஒரே ஒருவர்தான். அவர் தெரிவு செய்த ஐந்து நிதியங்களுக்கூடாக நூற்றுக்கும் மேற்பட்ட ஹெட்ஜ் நிதியங்களின் மூளை வேலை செய்தது.

முதல் வருடமே உலக நிதி நெருக்கடி. சுட்டெண் நிதியம் 37 சதவீதம் விழுந்தது. சைடிஸின் பக்கம் அதை விடக் குறைவாகவே விழுந்தது. அன்றைக்குப் பந்தயத்தை நிறுத்தியிருந்தால் நிபுணர்கள்தான் வெற்றி. ஆனால் பத்தாவது வருட முடிவில் சுட்டெண் நிதியம் மொத்தமாக 125.8 சதவீதம் வளர்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்தின் ஐந்தில் மிகச் சிறந்தது 87.7, மிக மோசமானது 2.8.

மற்றப் பக்கத்தில் இருந்தவர்கள் முட்டாள்கள் என்பதல்ல காரணம். சந்தையில் எல்லாரும் சேர்ந்துதான் சந்தை. ஒருவர் சராசரிக்கு மேலே எடுத்தால் இன்னொருவர் கீழே எடுத்திருக்க வேணும். அந்த விளையாட்டுக்கு மேல் கட்டணமும் கொடுத்தால், கட்டணம் கொடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சராசரிக்குக் கீழேதான் போவார்கள். இது வெறும் கூட்டல் கழித்தல்.

போட்டிக்கு வராதவர்கள்

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறோம்? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். வங்கியில் போட்ட காசு கண்முன்னால் கரைந்ததை எங்கட வீடுகளில் பார்த்தோம். அதற்குப் பிறகு 'காசை வளர்க்கக் கற்றுத் தாறோம்' என்று வருகிற செய்திகள் எங்கட போன்களில் நிறைந்து கிடக்கின்றன. எங்கட பட்ச்சில் ஒருவன், தொடர்ந்து ஆறு தடவை சரியாகச் சொன்ன ஒரு 'சேர்'ஐ நம்பி, மஹாபொல காசையும் அம்மா சீட்டுப் பிடித்துக் கொடுத்த காசையும் சேர்த்துக் கட்டினான். அந்தக் காசு வரவில்லை. அந்த 'சேர்' யாரென்றும் தெரியவில்லை.

ஆறு தடவை சரியாகச் சொல்வது எப்படி என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 6,400 பேருக்குச் செய்தி அனுப்புங்கள். பாதிப்பேருக்கு 'ஏறும்', பாதிப்பேருக்கு 'இறங்கும்'. எது நடந்தாலும் 3,200 பேருக்கு நீங்கள் சரி. அந்த 3,200 பேரை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பவும் அதையே செய்யுங்கள். ஆறாவது தடவை முடிய, நீங்கள் ஒரு தடவைகூடப் பிழைக்காததைக் கண்ட 100 பேர் மிஞ்சுவார்கள். மற்ற 6,300 பேருக்கு என்ன சொன்னீர்கள் என்று அந்த 100 பேருக்கும் தெரியாது. நண்பன் பார்த்ததும் இந்த வித்தைதானா என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் 'ஆறு தடவை சரி' என்பது எவ்வளவு மலிவான அத்தாட்சி என்பது இப்போது விளங்குகிறது.

பூனையிடம் தோற்ற அந்த மூன்று நிபுணர்கள் மேல் எங்களுக்கு இப்போது ஒரு மரியாதை வந்திருக்கிறது. அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு, தொடங்கின நாளைச் சொல்லி, தெரிவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, எல்லாரும் பார்க்கத் தோற்றார்கள். சைடிஸும் அப்படித்தான். கவுல்ஸின் கணக்கு நடந்ததும் அந்த ஆலோசனைகள் திகதியோடு அச்சில் இருந்தபடியால்தான். பதிவு இருக்கும் இடத்தில் மட்டுமே வரலாறு எழுதலாம்.

ஆகவே, அடுத்த முறை யாராவது 'எனக்குத் தெரியும், என்னை நம்பு' என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கட பெயர் என்ன? பிழைத்தவை உட்பட, முந்திச் சொன்னது எல்லாவற்றையும் திகதியோடு காட்டுவீர்களா? சும்மா எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதோடு ஒப்பிட்டுக் காட்டுவீர்களா?

நண்பனுக்கு இந்தக் கட்டுரையை முதலில் வாசிக்கக் கொடுத்தோம். பூனை வருகிற இடத்தில் சிரித்தான். 6,400 பேர் வருகிற இடத்தில் சிரிக்கவில்லை. 'இதை முதலே எழுதியிருக்கலாமேடா' என்றான்.