உறுதிமொழியும் உரிமைக் குரலும்

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிப் பிள்ளைகள் கை நீட்டிச் சொல்லும் உறுதிமொழி ஒன்றுண்டு. இந்தியர் யாவரும் உடன்பிறந்தோர் என்பது அதன் சாரம். அதன் வரலாற்றை அப்பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தனர்?

1962இல் விசாகப்பட்டினத்துக் கருவூல அலுவலர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தம் தாய்மொழியாம் தெலுங்கில் எழுதியது அது. பள்ளிகளில் அது ஒலிக்கவேண்டும் எனக் குறிக்கப்பட்ட நாள் 1965 சனவரி 26. அரசியல் சட்டப்படி இந்தி ஆட்சிமொழி அரியணை ஏறிய நாளும் அதுவே! உடன்பிறந்தோருள் ஒருவன் மொழிக்கு மட்டும் முடிசூட்டினால், மற்றவர் வாளாவிருப்பரோ? முதல்நாளே மதுரை மாணவர் வீதிக்கு வந்தனர். நாட்டுப்பற்று அற்றவர் என ஏசப்பட்டனர். தடியடியும் துப்பாக்கிச் சூடும் கண்டது தமிழகம். 1968 சனவரி 23இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. நாடு உடைந்தா போயிற்று?

இராசபாளையத்தையே பாருங்கள்! வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ் என வாழும் குடும்பங்கள் அங்கே பல. அத்தகைய குடும்பத்தில் பிறந்த குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை ஆட்சிக்குத் தலைமை தாங்கினார். ஒற்றுமைக்கு ஒரே மொழி வேண்டுமென்பார்க்கு அவ்வூரே மறுமொழி.

மனப்பாடம் பற்று ஆகாது, தோழர்களே! காலையில் 'உடன்பிறந்தோர்' என்று சொன்ன சிறுவன், மாலையில் 'சேரிப் பிள்ளையோடு சேராதே' என வீட்டார் தடுக்கும்போது, 'ஏன்?' என்று கேட்பானாயின், அவனையே நாட்டுப்பற்றாளன் என்போம் நாம். அந்த 'ஏன்' என்னும் சொல்லைக் கற்பிக்காத பள்ளியில் கொடிமரம் எவ்வளவு உயர்ந்தென்ன?