பென்சில்வேனியாவின் எரிவாயுக் கிணறுகளும் பிறந்த குழந்தைகளின் எடையும்

அமெரிக்காவில் பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலங்களின் அடியில் மார்செல்லஸ் என்ற ஷேல் பாறை அடுக்கு இருக்கிறது. அதற்குள் இயற்கை எரிவாயு அடைபட்டிருப்பது வெகுநாளாகத் தெரிந்ததுதான். லாபகரமாக வெளியே எடுக்கத்தான் வழி இல்லாமல் இருந்தது.

பாறையை அழுத்தத்தால் உடைத்து வாயு எடுக்கும் முறை 1947-இல் கான்சாஸில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. 1990-களின் கடைசியில் டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செல் என்பவரின் நிறுவனம் மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைக் கொண்டு இதை லாபமான தொழிலாக்கியது. ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும்! 2005-இல் வந்த எரிசக்திச் சட்டம், டீசல் கலக்காதவரை, இந்த முறைக்குக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. 2008-க்குப் பிறகு பென்சில்வேனியாவின் வயல்களிலும் மலைச்சரிவுகளிலும் கிணறுகள் பெருகின.

ஆக, துளை முதலில் போடப்பட்டது. உடம்புக்கு என்ன ஆகும் என்ற கேள்வி பிறகுதான் வந்தது. அதற்கான பதிலும் ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை, பிறப்புப் பதிவேடுகளிலிருந்து வந்தது.

ஜேனட் கரீ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்ரின் மெக்கெல் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 2004 முதல் 2013 வரை அம்மாநிலத்தில் நடந்த சுமார் 11 லட்சம் பிரசவங்களை எடுத்துக்கொண்டு, தாயின் வீட்டுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டார்கள். 2017-இல் முடிவு வெளியானது. கிணற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாருக்கு 2,500 கிராமுக்கும் குறைவான எடையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, வழக்கத்தைவிட 25 சதவீதம் கூடியிருந்தது. தூரம் கூடக்கூட பாதிப்பு குறைந்தது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் அநேகமாக இல்லை. ஏழைகள்தான் கிணற்றருகே வசிப்பார்கள், எடை குறைவுக்கு வறுமையே காரணம் என்று வாதிடலாம் அல்லவா? அதனால் ஒரே தாய்க்குக் கிணறு வருவதற்கு முன்பும் பின்பும் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். அங்கும் வித்தியாசம் தெரிந்தது. இந்த ஆய்வின் மிக வலுவான பகுதி இதுதான்.

காற்றா, தண்ணீரா, இரைச்சலா, எது காரணம் என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் கிணற்றடியில் பென்சீன் போன்ற ஆவிகளும் லாரிகளின் டீசல் புகையும் உண்டு. தாய் சுவாசிக்கும் பென்சீன் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சேரக்கூடியது. பிறந்த பிறகும், உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள்.

புற்றுநோய் விஷயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2022-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு கண்டது. 2023-இல் வந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தொடர்பைக் காணவில்லை, லிம்போமாவோடுதான் தொடர்பு என்றது. எடை குறைவை மட்டும் பிட்ஸ்பர்க் ஆய்வும் உறுதிசெய்தது.

அதே பாறை தன் அடியிலும் இருக்க, நியூயார்க் மாநிலம் உடல்நலத்தைக் காரணம் காட்டி 2014 டிசம்பரில் இம்முறைக்குத் தடை அறிவித்தது. பென்சில்வேனியாவோ 2012-இல் இயற்றிய சட்டத்தில் வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே 500 அடி இருந்தால் போதும் என்றது. அதாவது சுமார் 150 மீட்டர். 2020-இல் அம்மாநிலத்தின் கிராண்ட் ஜூரி அதை 2,500 அடியாக உயர்த்தச் சொன்னது. அதுவும் 1 கிலோமீட்டருக்குக் குறைவுதான்.