ஜாக்கிக்கு ஒண்ணா, முப்பதா?

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ தாத்தாகிட்ட செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டேன். முன்னூத்தி நாலு ஆட்டம், நானும் தாத்தாவும் ஒரு சோடி. முதல் நாலு சீட்டு வந்துச்சு. நாலும் கிளாவர்: ஜாக்கி, ஒம்போது, ஆஸ், எட்டு. ஆபீஸ்ல பிரிட்ஜ் ஆடிப் பழகின புத்தி "ஆஸ் நாலு, ஜாக்கி ஒண்ணு, ஆக அஞ்சு"ன்னு கூட்டிச்சு. பாஸ்னுட்டேன். ஆட்டம் முடிஞ்சதும் தாத்தா, "ஏலே, இத வச்சுக்கிட்டா கேக்காம விட்ட? என்னத்தல படிச்ச?"ன்னார். தூத்துக்குடி - கொழும்பு தோணியில காலம் தள்ளின மனுஷன். பதில் பேச முடியுமா?

பிரிட்ஜ் கணக்கு இதுதான்: ஆஸ் 4, ராசா 3, ராணி 2, ஜாக்கி 1. மொத்தம் 40. 1915-ல பிரயன்ட் மெக்கேம்பெல் இதை எழுத, மில்டன் வொர்க் பரப்பினார். 1930-கள்ல கொடிகட்டிப் பறந்த எலி கல்பர்ட்சன் புள்ளியை விட்டுட்டு, எத்தனை பிடி நிச்சயம்னு எண்ணச் சொன்னார். 1940-களோட கடைசியில சார்ல்ஸ் கோரன் புள்ளியையே திரும்பக் கொண்டுவந்து, ஒரு இனத்துல சீட்டே இல்லைன்னா 3, ஒண்ணே ஒண்ணுன்னா 2, ரெண்டுன்னா 1னு சேர்த்தார். ரெண்டு கையிலும் சேர்த்து 26 இருந்தா கேமுக்குப் போகலாம்.

முன்னூத்தி நாலு நேரெதிர். ஜாக்கி 30, ஒம்போது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் பூஜ்யம். ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. பிரிட்ஜ்ல புள்ளிங்கிறது வெறும் மதிப்பீடு, ஜெயிக்கிறது பிடியை வச்சுத்தான். இங்க புள்ளிதான் பரிசே. அதுவும் பாதிச் சீட்டைப் பார்த்தே கேட்கணும், குறைஞ்சபட்ச கேள்வியே 160. பாதிக்கு மேல! என் கையில துருப்புக்குத் தோதா 61 புள்ளி உட்கார்ந்திருந்துச்சு. நான் அதுக்கு அஞ்சு மார்க் போட்டிருக்கேன் :-(

சரி, ஜாக்கி எப்படி ராசாவை விடப் பெரியவன் ஆனான்? ஹாலந்துல கிளாவர்யாஸ்னு ஒரு ஆட்டம் இருக்கு. அதுல துருப்பு வரிசை: ஜாக்கி, ஒம்போது, ஆஸ், பத்து, ராசா, ராணி, எட்டு, ஏழு. அப்படியே நம்ம வரிசை! ஆஸுக்கு 11, பத்துக்கு 10ங்கிறது கூட அதேதான். டச்சுக்காரங்க 1658-ல போர்ச்சுக்கீசியர்கிட்டேருந்து தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் பிடிச்சாங்க. தூத்துக்குடி, நடுவுல கைமாறினாலும், 1825 வரை அவங்ககிட்ட இருந்துச்சு. முத்துக்குளிப்பும் சங்கும் அவங்க கையில. கூடவே சீட்டுக்கட்டும் இறங்கியிருக்கணும்ங்கிறது என் யூகம்.

சாட்சி நம்ம வாயிலேயே இருக்கு. துருப்பு டச்சுல 'ட்ரூஃப்'. கிளாவர் அவங்க 'க்ளாவர்'. யாழ்ப்பாணத்து ஸ்கோப்பன் 'ஸ்கோப்பன்', ஆடுத்தன் 'ஹார்ட்டன்'. இங்கிலீஷ்காரன் கிளப்ஸ்னுல்ல சொல்றான்? அவன் வந்து இவ்வளவு காலம் ஆண்டும் இந்தப் பேரை மாத்த முடியலை.

இன்னொண்ணு. 1860-லேருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போன நேட்டால்ல, டர்பன் இந்தியர்கள் 'துனீ'ன்னு ஒரு ஆட்டம் ஆடுறாங்க. சீட்டு 24தான், ஆனா ஜாக்கி 30, ஒம்போது 20, மொத்தம் 304. ஊரை விட்டுப் போனவங்க கூடவே இந்தக் கணக்கும் போயிருக்கு.

இதையெல்லாம் படிச்சு தாத்தாகிட்ட போன்ல அளந்தேன். பொறுமையா கேட்டுட்டு, "எல்லாஞ் சரிதாம்ல. அன்னைக்கு நீ கேட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்"னார்.

உங்க ஊர்ல ஜாக்கிக்கு எவ்வளவு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்கா!