செவிக்கு எட்டிய கல்வி: பாலாற்றங்கரையும் வானொலியும்

திருவள்ளுவர் 'கல்வி', 'கல்லாமை' ஆகிய அதிகாரங்களை முடித்த கையோடு 'கேள்வி' என்னும் 42ஆம் அதிகாரத்தை வைக்கிறார். 'அறிவுடைமை' அதற்குப் பின்னர்தான் வருகிறது. ஏட்டைத் தொட வாய்க்காதவனுக்கும் அறிவுக்கும் இடையே காது என்றொரு பாதை உண்டு என்பதை அவ்வரிசைமுறையே உணர்த்திவிடுகிறது.

இன்று அறிவியலுக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று எனப் பலவகைப் பாட்காஸ்ட்டுகளைத் தொடர்ந்து கேட்கும் நண்பர்கள் நம்மிடையே பெருகிவிட்டனர். 'வலையொலி' என்று தமிழில் பெயரும் இட்டாயிற்று. 2004ஆம் ஆண்டு பென் ஹாமர்ஸ்லி என்னும் ஆங்கில இதழாளர் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையொன்றில் அச்சேறிய சொல் அது. சொல் புதிது, பழக்கம் புதிதன்று. கை வேலையில் இருக்க, காது கல்வியில் இருக்கும் அப்பழக்கத்தை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

முதலில் சற்றே தொலைவு சென்று வருவோம். 1865இல் கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 'வாசிப்பவர்' என்றொரு பணி தோன்றியது. தொழிலாளர் புகையிலை சுருட்டிக்கொண்டிருக்க, மேடையில் அமர்ந்த ஒருவர் செய்தித்தாளையும் நாவலையும் உரக்க வாசிப்பார். அவருக்கான கூலியைத் தொழிலாளரே தம் வருவாயிலிருந்து கொடுத்தனர். மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை விதித்தது. கேட்கும் தொழிலாளி சிந்திக்கவும் செய்வான் என்ற அச்சமன்றி அத்தடைக்கு வேறு பொருள் காண இயலவில்லை. தடை நிலைக்கவில்லை, வாசிப்பவர்கள் திரும்பி வந்தனர்.

நம் பக்கத்தில் அந்த வாசிப்பவரின் இடத்தை வானொலி எடுத்துக்கொண்டது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. பணமின்றி 1927இல் அது ஓய்ந்தபோது, அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு மே 16இல் திருச்சி நிலையமும் தொடங்கின. வானொலிப்பெட்டி வாங்க இயலாதவர்களுக்கு நகராட்சிப் பூங்காக்களின் ஒலிபெருக்கியும் ஊராட்சிகளின் பொது வானொலியும் துணையாயின. பிற்பாடு டிரான்சிஸ்டர் வந்து தேநீர்க்கடை வரை இதைக் கொண்டு சேர்த்தது.

தோல் வட்டாரத்திற்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. இங்கே வீதிக்கு வீதி தமிழும் உருதும் மாறி மாறி ஒலிக்கும், தெலுங்கும் உண்டு. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைக்க, நேயர்கள் இலங்கைக்குத் தாவினர். ஒரே சிற்றலைப் பெட்டி, முள்ளைச் சிறிது நகர்த்தினால் மயில்வாகனத்தின் தமிழையும், மேலும் நகர்த்தினால் 'பினாக்கா கீத்மாலா'வில் அமீன் சயானியின் இந்துஸ்தானியையும் தரக்கூடியதாக இருந்தது. சயானியின் மொழி ஆம்பூர் உருதுக்கு அயலானதன்று. இரண்டும் கொழும்பிலிருந்தே வந்தன என்பதுதான் வேடிக்கை!

காதால் துய்க்கும் மரபு இங்கு வானொலிக்கும் முந்தியது. உருதுக் கவிஞர்கள் கூடிப் பாடும் முஷாயிராவில், நல்லதோர் அடி விழுந்தால் அவையே அதைத் திரும்பச் சொல்லச் சொல்லும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான் கவியரங்க மேடையில் ஓங்கி ஒலித்தவர். 'மின்மினிகளால் ஒரு கடிதம்' நூலின் வழியே கஸலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். உருதுச் செவியும் தமிழ்ச் செவியும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் ஊரில் அவர் பணியாற்றியதைத் தற்செயல் என்று தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

இனி அறிவியலும் நகைச்சுவையும். இரண்டையும் ஒருசேரத் தந்த பெருமை தென்கச்சி கோ. சுவாமிநாதனுக்கு உரியது. வேளாண்மை பயின்றவர், திருநெல்வேலி வானொலியில் உழவர் நிகழ்ச்சிகளில் தொடங்கிச் சென்னை நிலையத்திற்கு வந்தவர். காலைநேரத்தில் சில நிமிடங்களே ஒலித்த அவரது 'இன்று ஒரு தகவல்' ஓர் உடற்கூற்றுச் செய்தியையோ ஜென் கதையையோ எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு சிரிப்பில் முடியும். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். அவசரமே இல்லாத அந்தக் கிராமத்துக் குரல்தான், மேடைத்தமிழின் மிடுக்கைப் பொருட்படுத்தாத அந்த இயல்புதான், வேலைக்குக் கிளம்பும் மனிதனை அரைநிமிடம் வாசலில் நிற்கவைத்தது. 2009இல் அவர் மறைந்தார். தமிழின் முதல் பாட்காஸ்ட்டர் யாரென்று எவரேனும் கேட்டால், நாங்கள் தயங்காமல் அவர் பெயரையே சொல்வோம்.

நீண்ட அறிவியல் தொடர்களுக்கும் குறைவில்லை. மனிதனின் பரிணாமம் பற்றி 1991இல் தொடங்கிய வானொலித் தொடர் 144 பகுதிகளாக 18 இந்திய மொழிகளில் ஒலித்தது. தஞ்சை உழவர்கள் வானொலியில் கேட்டுப் பயிரிட்ட ஆடுதுறை 27 என்னும் நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது.

மொழியைப் பொறுத்தவரை சோ. சிவபாதசுந்தரத்தை மறக்கலாகாது. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்ட ஈழத்தவர்; 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலும் எழுதினார். எழுதுவது வேறு, காதுக்காக எழுதுவது வேறு என்பதைத் தமிழில் முறையாக எண்ணிப் பார்த்தவர்களுள் அவர் முன்னோடி. தமிழோசையின் சிற்றலை ஒலி 2017 ஏப்ரல் 30உடன் நின்றது.

தொழிலின் கதையோடு இதை இணைத்துப் பார்த்தால் ஓர் உறுத்தல் எழுகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு குழிகளில் தோலை ஊறவைத்த காலத்தில் வேலை கடினம், நாற்றம் கொடிது. ஆனால் இயந்திர ஓசை குறைவு. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பிறகு, முழுதும் பதனிட்ட தோலும் காலணியின் மேற்பாகமும் செய்யும் ஆலைகள் பெருகின. சுழலும் மர உருளைகளும், வரிசை வரிசையாகப் பெண்கள் அமர்ந்திருக்கும் தையல் கூடங்களும் வந்தன. கை மட்டுமன்றிக் காதும் வேலைக்குள் இழுக்கப்பட்டுவிட்டது. பாலாற்று நீர் கெட்டதற்கு உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புரைத்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்றது. பறிபோன செவிக்கு அப்படி வழக்காட ஏது வழி?

ஆக, ஆம்பூரின் தையற்பெண்ணுக்குக் கேட்கும் நேரம் என்பது பெரும்பாலும் ஆலைக்குப் போகவர ஆகும் பேருந்துப் பயணம்தான். அந்த நேரத்திற்கு அளவெடுத்தாற்போல் தென்கச்சியார் பேசினார். சில நிமிடம், ஒரு செய்தி, ஒரு சிரிப்பு. இன்றைய தமிழ் வலையொலிகளுள் பல, ஓய்வும் உயர்கல்வியும் உடையவர்களை எண்ணி ஒரு மணி, இரண்டு மணி என்று நீள்கின்றன. அறிவியலைப் பேசத் தொடங்கியதும் பாதி ஆங்கிலமாகிவிடுகின்றன. தென்கச்சியாரின் பேச்சுகளேனும் நூல் தொகுதிகளாக நிலைத்தன. தொடக்கக்கால வானொலி உரைகளோ பெரும்பாலும் நேரடியாக ஒலித்துக் காற்றோடு போனவை. அவற்றின் எழுத்துப்படிகள் ஏதேனும் பழைய பெட்டியில் கிடைத்தால் பழுத்த தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள், நண்பர்களே, எங்களுக்கு எழுதுங்கள்.