சித்தூரின் விமர்சன மரபும் ஆங்கில ஆய்வின் இந்தியத் திருப்பமும்

ஆங்கிலத் துறையில் முனைவர் பட்டம் பெற இந்திய எழுத்தாளர் ஒருவரைத் தலைப்பாக எடுத்துக்கொள்வது இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை. ஷேக்ஸ்பியரிலிருந்தும் மில்டனிலிருந்தும் ஆய்வு இந்தப் பக்கம் திரும்பியதற்குப் பின்காலனியக் கோட்பாடுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட எட்வர்டு சயீதின் நூல் 1978இல் வெளிவந்தது. அதையொட்டிய விவாதங்கள் நம் வகுப்பறைகளுக்கு வரப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. கால வரிசையைப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. கோட்பாடு வந்து சேர்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே திருப்பத்துக்கான சிந்தனை இங்கே உருவாகிவிட்டது. அதில் பெரும்பங்கு சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880இல் பிறந்த ஒருவருக்கு உரியது.

கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். 1926இல் தொடங்கிய ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1914இல் அவர் எழுதிய ‘கவித்வ தத்துவ விசாரமு’ தெலுங்குத் திறனாய்வின் தொடக்க நூல்களுள் ஒன்று. 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பிங்களி சூரனாவின் ‘கலாபூர்ணோதயமு’ காவியத்தை அதில் அவர் கதைக்கட்டு, பாத்திரப் படைப்பு என்ற அளவுகோல்களால் ஆராய்ந்தார். வருணனையையும் அலங்காரத்தையும் மட்டுமே நம்பிய பிரபந்தக் கவிதையின் குறைகளைத் தயங்காமல் சுட்டினார். பண்டிதர் உலகம் கொதித்தது. இதைத் தெலுங்குத் திறனாய்வு வரலாற்றில் மட்டும் வைத்துப் பேசுவது போதாது என்பேன். ஆங்கில இலக்கியப் பயிற்சியை வீட்டுமொழியின் நூல் ஒன்றின்மேல் செலுத்தி, அந்த நூலின் தரத்தைத் தானே தீர்மானித்த செயல் அது. ஆங்கிலக் கல்வி இந்த மண்ணில் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு ரெட்டி செய்து காட்டிய விடை அதுதான்.

அதே வட்டாரத்து மதனப்பள்ளியிலும் வேறு வழியில் ஒரு முயற்சி நடந்தது. அங்கே தியோசாபிகல் கல்லூரியில் பணியாற்றிய ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் புதிய ஆங்கிலக் கவிதை பற்றி எழுதிய நூலுக்கு மதிப்புரையாகத் தொடங்கியதே, புதுச்சேரியில் அரவிந்தர் 1917 முதல் தொடராக எழுதிய கவிதை பற்றிய பெருநூல். ஆனால் பல்கலைக்கழக ஆய்வின் போக்கை மாற்றியது ரெட்டி வழிதான். சாத்தூர்க்காரரான கே.ஆர். சீனிவாச ஐயங்கார் இந்தியர்களின் ஆங்கில எழுத்தைப் பற்றி 1943இல் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை தந்தவர் ரெட்டி. அந்த எழுத்து இந்திய இலக்கியத்திலிருந்து வேறுபட்டதன்று, அதன் ஒரு பகுதியே என்று அதில் அவர் நிலைநாட்டினார். 1947இல் ஐயங்கார் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியரானபோது துணைவேந்தராக இருந்தவரும் ரெட்டியே. 1959இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐயங்கார் ஆற்றிய உரைகள் வளர்ந்து 1962இல் விரிவான வரலாற்று நூலாயின. பின்வந்த ஆய்வு மாணவர்களுக்கு அது அடிப்படை நூலாயிற்று. சயீதின் நூல் வர அப்போது இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன.

இதற்குத் திருப்பதியிலிருந்தே ஒரு மறுப்பு எழலாம். தேவஸ்தானம் 1945இல் தொடங்கிய கல்லூரி அமைந்திருந்த அந்நகரில் 1954இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் ஆங்கிலத் துறையில் பெயர்பெற்ற எம்.வி. ராம சர்மா மில்டன் அறிஞர். மில்டனின் வீரகாவியங்களைப் பற்றிய அவரது நூல் 1971இல் வந்தது. ரெட்டியின் சொந்த மாவட்டத்திலேயே ஆய்வு ஆங்கிலச் செவ்வியலைப் பற்றிக்கொண்டிருக்கவில்லையா? உண்மைதான். செவ்வியல் ஆய்வு ஒரே நாளில் விலகிவிடவில்லை; விலக வேண்டியதும் இல்லை. ஆனால் அதே ராம சர்மா இந்திய வாழ்வை ஆங்கில நாவல்களாக எழுதியவர். மில்டனைப் படிப்பதும் இங்குள்ள வாழ்வை எழுதுவதும் ஒரே மேசையில் நடந்தன. செவ்வியல் பயிற்சி இந்தியத் திருப்பத்துக்குத் தடையாக இருந்தது என்ற எளிய கதையை இந்தச் சான்று ஏற்க விடாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இன்றைய ஆய்வேடுகள் பலவற்றில் ரெட்டியின் சாயலே இல்லையே என்பது அது. இதை நான் மறுக்க மாட்டேன். தலைப்பு இந்தியமாயிற்று, முறை வந்து சேரவில்லை. ஒரு நாவலாசிரியர், அவர்மேல் ஏற்றப்பட்ட ஒரு கோட்பாடு, இயல்தோறும் கதைச்சுருக்கம் என்ற வார்ப்பு நிலைத்துவிட்டது. நூல் நன்றா, தவறியதா என்று சொல்லும் துணிவு அரிதாயிற்று. 2009ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் ஆய்வு மாணவருக்கு முன்பாடத்தைக் கட்டாயமாக்கின. 2018ஆம் ஆண்டு விதிகள் 10 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் ஏடுகளைக் கண்டிக்க வழிசெய்தன. இவை தேவையான காவல்கள். எனினும் திருட்டைப் பிடிக்கும் மென்பொருளால் மதிப்பிடும் அறிவைக் கற்பிக்க இயலாது.

சித்தூர் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் எல்லைப் பகுதி. திருத்தணி 1960 வரை இந்த மாவட்டத்தில்தான் இருந்தது; மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. இரு மொழி நூல்களை அருகருகே வைத்து ஆங்கிலத்தில் ஆராய இதைவிட ஏற்ற இடம் கிடைப்பது கடினம். இவ்வட்டார ஆங்கிலத் துறைகளின் நெறியாளர்கள் தம் மாணவரின் ஆய்வேட்டில் ஓர் இயலையாவது தெலுங்கு அல்லது தமிழ் மூலநூலுக்கு ஒதுக்கச் சொல்ல வேண்டும். அந்நூலின் தரம் பற்றி மாணவர் தம் தீர்ப்பைக் காரணத்தோடு எழுதவும் கேட்க வேண்டும்.