ப்ளூ மண்டே: நட்டத்தில் விற்ற நடனப் பாட்டு

1980 மே 18. இங்கிலாந்தின் ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் பாடகர் இயான் கர்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23தான். குழுவின் முதல் அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த நேரம் அது.

மிச்சமிருந்த மூவரும் பழைய பெயரைக் கைவிட்டு 'நியூ ஆர்டர்' ஆனார்கள். கீபோர்டு வாசிக்க கில்லியன் கில்பர்ட் வந்தார். பாட ஆளில்லை. கடைசியில் கிடார் வாசித்த பெர்னார்ட் சம்னரே பாட வேண்டியதாயிற்று.

துக்கத்திலிருந்து வெளியே வர அவர்களுக்குக் கிடைத்த வழி, நடன அரங்குகளின் இசை. 1983 மார்ச்சில் 'ப்ளூ மண்டே' வந்தது. ஏழரை நிமிடப் பாட்டு. தாளம் ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷினுடையது. சீக்வென்சரோ, சம்னர் தன் கையாலேயே பூட்டிச் சேர்த்தது. அதில் ஸ்வரங்களை ஏற்றும்போது கில்பர்ட் ஒன்றை விட்டுவிட்டார். அதனால் மெட்டு தாளத்தைவிட்டுச் சற்றே விலகி ஓடுகிறது. அந்தப் பிழையே பாட்டின் அழகாகிவிட்டது!

பீட்டர் சேவில் வடிவமைத்த உறை, கணினி ஃப்ளாப்பியைப் போல ஓட்டைகள் வெட்டப்பட்டது. குழுவின் பெயரோ பாட்டின் பெயரோ எழுத்தில் இல்லை. எல்லாம் வண்ணக் கட்டங்களில். அச்சுச் செலவு அதிகமாகி, ஒவ்வொரு பிரதிக்கும் ஃபேக்டரி ரெகார்ட்ஸுக்கு நட்டம் என்பார்கள். எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. பாட்டோ பிரிட்டிஷ் பட்டியலில் 9ஆம் இடம் பிடித்தது. உலகிலேயே அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள் என்ற பெயரும் பெற்றது.

12 அங்குலத் தட்டில் பாட்டுக்கு இடம் தாராளம். கோடுகள் அகலமாக இருப்பதால் அடித்தாளமும் ஓங்கி ஒலிக்கும். அடுக்கடுக்காகச் சேர்த்த பாட்டு என்பதால், ஓர் அடுக்கை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதும் எளிது. 1988இல் குவின்சி ஜோன்ஸ் மேற்பார்வையில் வந்த ரீமிக்ஸ், மூலத்தையும் முந்தி 3ஆம் இடம் வரை போனது. 1995இல் ஜெர்மனியின் ஹார்ட்ஃப்ளோர் இருவர் டெக்னோ பாணியில் மாற்றியது 17ஆம் இடம். 2002 பிரிட் விருது மேடையில் கைலி மினோக் தன் பாட்டை இதன் இசைமீதே பாடினார்.

ஃபேக்டரி நிறுவனம் 1992இல் திவாலானது. பாட்டு நிற்கிறது. எத்தனை ரீமிக்ஸ் வந்தாலும், முதல் நான்கு அடி விழுந்ததுமே அடையாளம் தெரிவது 1983இன் அந்தத் தாளம்தான். பாடகரை இழந்த நண்பர்கள், இயந்திரங்களைக் கொண்டு மீண்டு வந்த தாளம் அது.